பேய் யார் மேல ஏறுது?

சாயங்காலம் ஆறு மணி. குன்னூர். மழை விட்டு, பனி இறங்கிட்டு இருக்கு. கரன்ட் வேற போயிடுச்சு. டீக்கடை மாடியில் எட்டு பேர் ஒரு மெழுகுவத்தியைச் சுத்தி உட்கார்ந்து பேய்க்கதை பேசினா எப்படி இருக்கும்?

சினிமா சீன் மாதிரி இருக்கும்னு நினைச்சா... ஸாரி பாஸ்! "யாருடா கடைசி வர்க்கியைக் காலி பண்ணது?" என்ற சண்டையில்தான் எங்க மீட்டிங் ஆரம்பிச்சது.

முதல்ல நாங்க யாருன்னு சொல்லிடறேன். எட்டு பேரும் மலைக்காரப் பசங்க. படிப்புக்காகக் கோவையிலும் ஊட்டியிலும் சிதறிக் கிடக்கிறோம். மாசம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது, எல்லாரும் முன்னாடியே படிச்சிட்டு வந்த ஒரே ஒரு கதையைப் பத்தி மட்டும் பேசுவோம். ஊட்டியில 1859-லிருந்து இருக்கிற நீலகிரி நூலகம் மாதிரி பெரிய ஹால் எல்லாம் நமக்கு ஏது? டீக்கடை மாடி, பிளாஸ்டிக் சேர், ஜெராக்ஸ் பேப்பர்... அவ்வளவுதான். எங்க செட்டுக்குப் பேர் கிடையாது, தலைவர் கிடையாது. ஒரே ஒரு ரூல் உண்டு. கதையைப் படிக்காம வந்தவங்க அன்னிக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்!

'பேரெல்லாம் போடாதே' என்று கண்டிஷன் போட்டுத்தான் எல்லாரும் பேசினாங்க. அதனால ஊரையும் படிப்பையும் வெச்சே அடையாளம் சொல்றேன். அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.

இந்தத் தடவை கதையைத் தேர்ந்தெடுத்தது இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிற அக்கா. அல்ஜெர்னான் பிளாக்வுட் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1910-ல் வெளியிட்ட 'தி வெண்டிகோ'. பிளாக்வுட் 1951-ல் இறந்துட்டார். எழுத்தாளர் இறந்து 60 வருஷம் ஆனா நம்ம நாட்டில் காப்பிரைட் முடிஞ்சிடும். ஸோ, ஜெராக்ஸ் போட்டதுக்கு யாரும் எங்களைப் பிடிக்க முடியாது!

கதை இதுதான்!

கனடா. அக்டோபர் மாசம். மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்காக ஒரு கோஷ்டி காட்டுக்குள் போகுது. கேத்கார்ட் என்ற டாக்டர், அவரோட மருமகன் சிம்ப்சன் (பாதிரியார் ஆகப் படிக்கிற மாணவன்), வழிகாட்டிகள் ஹாங்க், டெஃபாகோ, அப்புறம் சமையலுக்குப் பங்க் என்ற கனடியப் பழங்குடி மனிதர்.

கோஷ்டி ரெண்டாப் பிரியுது. சிம்ப்சனும் டெஃபாகோவும் தனியா ஒரு ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போடறாங்க. டெஃபாகோ மூக்கை உயர்த்தி மோந்து பார்க்கறார். ஏதோ ஒரு வாடை. முகம் வெளுத்துப் போகுது. ராத்திரி தூக்கத்திலேயே அழறார். விடியறதுக்கு முன்னாடி வெளியிலிருந்து ஒரு குரல், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுது. கூடாரத்தை விட்டு வெளியே பாய்ஞ்சு ஓடறார் மனுஷன்!

சிம்ப்சன் பனியில் தடம் பார்த்துக்கிட்டே பின்னாடி போறான். ஒரு பெரிய உருண்டைக் கால்தடம். பக்கத்துல டெஃபாகோவின் தடம். போகப்போக ரெண்டு தடத்திலும் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இடைவெளி அதிகமாகுது. அதைவிடப் பயங்கரம்... டெஃபாகோவின் தடமும் அந்தப் பெரிய தடம் மாதிரியே மாறுது. அப்புறம் ரெண்டு தடமும் சட்டுனு நின்னு போகுது. மேலே வானத்திலிருந்து, கால் நெருப்பா எரியுதேன்னு டெஃபாகோ அலறுற சத்தம்!

கடைசியில டெஃபாகோ திரும்பி வர்றார். ஆனா புத்தி இல்லை, ஞாபகம் இல்லை, கால் ரெண்டும் பனியில் கெட்டுப் போயிருக்கு. சில வாரத்தில் செத்துடறார். டாக்டர் எல்லாத்துக்கும் மனோதத்துவ விளக்கம் வெச்சிருக்கார். சமையல்காரர் பங்க்? அவர் அந்த வாடையை உணர்ந்த உடனே, யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம, மூணு நாள் வழியை ஓடியே கடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார்.

கதை ஓவர். இனி கச்சேரி ஆரம்பம்!

"எங்க வீட்டுக் கதவை கரடி தட்டும்!"

"அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடற சீன்ல எனக்குச் சிலிர்த்துப் போச்சு. ராத்திரி யாராச்சும் கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் பதில் சொல்லணும்னு எங்க பாட்டி சொல்வாங்க. பேய் மூணு தடவை கூப்பிடாதாம். கனடாவுல அந்தப் பாட்டி இல்லாம போயிட்டாங்களே!" என்று ஆரம்பிச்சு வெச்சான் கோத்தகிரிப் பையன். முதல் அஞ்சு பக்கம் மட்டும் படிச்சிட்டு வந்தவன் அவன்தான். டீ அவன் கணக்கு.

நர்ஸிங் படிக்கிற அக்கா, "இதுல பேயே வேண்டாம்" என்று கையை உயர்த்தினாங்க. "கடுங்குளிர்ல கால் விறைக்கும்போதும், அப்புறம் சூடு திரும்பும்போதும் நெருப்பு வெச்ச மாதிரி எரியும். உடம்பு ரொம்பக் குளிர்ந்து போனவங்க, சில சமயம் 'உடம்பெல்லாம் எரியுது'ன்னு போட்டிருக்கிற டிரஸ்ஸையே கழட்டி எறிவாங்க. நான் அந்த டாக்டர் கட்சி!"

நானும் என் பங்குக்கு இ.சி.இ. மூளையைக் காட்டினேன். ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துடும். கீழே குளிர்ந்த காத்து, மேலே கொஞ்சம் சூடான காத்து. அப்போ மேலே போற ஒலி வளைஞ்சு திரும்பக் கீழே இறங்கும். அதனாலதான் பள்ளத்தாக்கில் எங்கேயோ பேசற சத்தம் காதுக்குப் பக்கத்துல கேக்கற மாதிரி இருக்கு. "ஸோ, வானத்திலிருந்து வந்த அலறல் வேற எங்கிருந்தோ வளைஞ்சு வந்திருக்கலாம்" என்று முடிச்சேன். கைத்தட்டல் எதிர்பார்த்தேன். வரலை.

எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்த பி.காம். பொண்ணு சிரிச்சிட்டா. "உங்களுக்கெல்லாம் பேய் தேவைப்படுது. எங்க லைன்ல ராத்திரி கரடி வந்து கதவைத் தள்ளும். விடியக்காலை டாய்லெட் போகும்போது காட்டெருமை நிக்கும். இதுல தனியா வெண்டிகோ வேற எதுக்கு?"

அதோட விடலை அவ. "எங்க எஸ்டேட்லயும் ஒரு பேய்க்கதை உண்டு. வெள்ளைக்காரத் துரை ராத்திரியில குதிரை மேல வருவாராம். நீங்க எல்லாரும் இதைக் கேட்டிருப்பீங்க. ஏன் எப்பவும் துரையே பேயா வர்றார்? காட்டை வெட்டித் தேயிலை வெச்சவங்க எத்தனை பேர் காய்ச்சல்ல செத்திருப்பாங்க... அதுல ஒருத்தர்கூடப் பேயா வரலையே! செத்த பிறகும் துரைதான் துரையா?"

சிரிச்சோம். ஆனா அந்தக் கேள்வி மேஜை மேலயே கிடந்துச்சு. ஆனமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பத்தி பி.எச்.டேனியல் இங்கிலீஷில் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவலை ('பரதேசி' படத்துக்கு ஆதாரமே அதுதான்!) அடுத்த மாசம் படிக்கலாம்னு அங்கேயே முடிவாச்சு.

"தடம் பார்த்தது யாரு?"

கூடலூர்ப் பையன் அதுவரைக்கும் அமைதியா இருந்தான். சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறவன்.

"எனக்கு இந்தக் கதையில பேய் ஞாபகமே வரலை. டி23 தான் ஞாபகம் வந்துச்சு" என்றான்.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கூடலூர், மசினகுடி பக்கம் நாலு பேரைக் கொன்னதாகத் தேடப்பட்ட புலி. 2021 அக்டோபர் 15-ம் தேதி, 21 நாள் தேடலுக்குப் பிறகு உயிரோட பிடிச்சாங்க.

"அந்த 21 நாள் எங்க பக்கம் எல்லாப் புதரும் புலிதான். அசைஞ்சா புலி, அசையலைன்னாலும் புலி. அதனால சிம்ப்சனோட பயம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு... ட்ரோன், கேமரா எல்லாம் வந்தாலும், கூடவே காட்டுக்குள்ள நடந்து போய்த் தடம் பார்க்க முதுமலைப் பழங்குடி ஆளுங்க வேணும். இந்தக் கதையிலயும் அப்படித்தான். காடு தெரிஞ்சவங்க டெஃபாகோவும் பங்க்கும். ஒருத்தர் செத்துட்டார். இன்னொருத்தர் பேசவே இல்லை. காடு தெரியாத ரெண்டு பேர் ஊருக்குத் திரும்பி வந்து நமக்குக் கதை சொல்றாங்க!"

அட... ஆமால்ல!

நான் ஜெராக்ஸைத் திரும்பப் புரட்டினேன். கதையின் ஆரம்பத்திலேயே, எல்லாரும் தூங்கின பிறகு பங்க் மட்டும் எழுந்து ஏரிக்கரைக்குப் போய்க் காத்தை மோந்து பார்த்துட்டு வந்து படுக்கறார். ஆபத்து வரப்போகுதுன்னு முதலில் தெரிஞ்சவர் அவர்தான். அவர்கிட்ட யாருமே எதுவும் கேக்கலை. கதாசிரியரும் அவரை மனசுவிட்டுப் பேச விடலை. கடைசியில் அவர் ஓடிப்போனதை, 'அவர் ரத்தத்தில் ஊறின நம்பிக்கை' என்ற மாதிரி முடிச்சுட்டார். நாங்க ஏழு பேரும் முதல் தடவை படிக்கும்போது அந்த மனுஷனைத் தாண்டிப் போயிட்டோம். உண்மையைச் சொன்னா, ஒருத்தருக்குச் சமையல்காரர் பேரே ஞாபகம் இல்லை.

பிளாக்வுட் விட்டுட்டுப் போன பசி

லிட்டரேச்சர் அக்கா கொஞ்சம் ஹோம் ஒர்க் பண்ணிட்டு வந்திருந்தாங்க. அவங்க சொன்னதைக் கேட்டதும் பேய்க்கதை வேற மாதிரி ஆயிடுச்சு.

பிளாக்வுட்டுக்குக் கனடா தெரியும். இருபத்தொரு வயசு வாக்கில் அங்கே போய், பால் பண்ணை, ஹோட்டல்னு தொழில் பண்ணிப் பார்த்தவர். வெண்டிகோ அவர் கற்பனை இல்லை. அந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள்கிட்ட காலம் காலமா இருந்த நம்பிக்கை. ஆனா அவங்க வெண்டிகோ காத்துல பறந்து ஆளைத் தூக்கிட்டுப் போற மர்மம் மட்டும் இல்லை. அது பசி! பனிக்காலத்தில் வேட்டை கிடைக்காம, சாப்பாடு தீர்ந்து, மனுஷனை மனுஷன் தின்கிற நிலைமை வந்துடுமோ என்ற பயம். எவ்வளவு தின்னாலும் பசி அடங்காத பேய் அது.

"பிளாக்வுட் அந்தப் பசியை எடுத்துட்டார். வெறும் காட்டையும் குரலையும் வெச்சுக்கிட்டார். நமக்கும் த்ரில்லிங்கா இருக்கு. ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு அது த்ரில் இல்லை" என்றாங்க அக்கா.

அப்புறம் சொன்னது ஜாக் ஃபிட்லர் விஷயம். கனடாவின் வடமேற்கு ஒன்டாரியோ காட்டில், தன் மக்களுக்குத் தலைவராகவும் வைத்தியராகவும் இருந்தவர். தீராத நோயில் கிடந்த ஒரு பெண், வெண்டிகோவாக மாறப் போறாள்னு நம்பி, அவரும் அவர் தம்பி ஜோசப்பும் அவளைக் கொன்னுட்டாங்க. 1907-ல் போலீஸ் ரெண்டு பேரையும் கைது பண்ணுச்சு. அந்த வருஷம் செப்டம்பர் 30-ம் தேதி ஜாக் காவலிலிருந்து தப்பிப் போய்த் தூக்கு மாட்டிக்கிட்டார். தம்பிக்கு மரண தண்டனை, அப்புறம் அது ஆயுள் ஆச்சு. விடுதலை உத்தரவு வந்து சேர்றதுக்குச் சில நாள் முன்னாடி, 1909-ல் அவரும் சிறையிலேயே செத்துட்டார்.

அடுத்த வருஷம், 1910-ல், லண்டன் வாசகர்கள் குளிருக்கு இதமா 'தி வெண்டிகோ' படிச்சாங்க.

"அப்போ யார் மேல தப்பு? அந்தப் பொண்ணைக் கொன்னது சரியா?" என்று நர்ஸிங் அக்கா கேட்டாங்க. கோபமாவே கேட்டாங்க. "அவளுக்கு வேண்டியது வைத்தியம். அவ நோயாளி. பேயும் இல்லை, தெய்வமும் இல்லை."

சரின்னு சொன்னவங்க யாரும் இல்லை. ஆனா எல்லாரும் ஒரு விஷயத்தைக் கவனிச்சோம். கதையில் பேய் காட்டில் இருந்துச்சு. நிஜத்தில் அது ஒரு ஆள் மேல ஏறிடுச்சு. முதலில் நோயாளிப் பொண்ணு மேல. அப்புறம் ஜாக் மேல.

நம்ம மலையில் 1835

இந்த இடத்தில்தான் மீட்டிங் நாங்க எதிர்பார்க்காத பக்கம் திரும்புச்சு.

எங்க செட்டில் வரலாறு படிக்கிற படுகர் பையன் ஒருத்தன் இருக்கான். பையிலிருந்து ஒரு பிரின்ட் அவுட்டை எடுத்தான். டபிள்யூ.ஃபிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்து 1908-ல் வந்த நீலகிரி கெசட்டியர்.

"இதைப் படிக்கலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். எங்க ஆளுங்களைப் பத்தி வருது. ஆனா கனடாவைப் பத்தி இவ்வளவு பேசிட்டு இதை மறைச்சா தப்பு" என்று சொல்லிட்டுத்தான் படிச்சான்.

அதில் இருந்ததை என் வார்த்தையில் சொல்றேன். அந்தக் காலத்தில் இந்த மலையில் குறும்பர் மக்கள்மேல் மத்தவங்களுக்கு ஒரு பயம். காட்டுக்குள் இருக்கிறவங்க, மூலிகை தெரிஞ்சவங்க, அதனால் மந்திரமும் தெரியும்னு நம்பினாங்க. ஊரில் நோய் வந்தாலும், மாடு செத்தாலும், 'குறும்பர் வெச்ச சூனியம்' என்று சொல்லிடுவாங்க. 1835-ல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டாங்க. 1875-76லும், 1882லும் அதைவிட அதிகம். 1900-ல் ஒரு குறும்பர் குடும்பமே மொத்தமா கொல்லப்பட்டுச்சு. அந்தக் குடும்பத் தலைவர் வைத்தியர்னு பேர் வாங்கினவர். அவரால்தான் ஊருக்கு நோய் வந்ததுன்னு நம்பிட்டாங்க. ஊரே கொன்னவங்க பக்கம் நின்னதால துப்புத் துலக்குவதே கஷ்டமாச்சு. குற்றம் சாட்டப்பட்டவங்க விடுதலை ஆயிட்டாங்க.

"இதுல இன்னொண்ணும் இருக்கு" என்றான் அவன். "பயப்பட்ட அதே ஆளுங்கதான், விதைப்பு ஆரம்பிக்கக் குறும்பர் வந்து முதலில் ஏரைத் தொடணும்னு கூப்பிட்டிருக்காங்க. அவங்க வராம வெள்ளாமை இல்லை. வேணும், ஆனா பயம். கிருமியைப் பத்தித் தெரியாது, தடுப்பூசி தெரியாது. யார் மேலயாவது பழியைப் போடணும். பக்கத்துல யார் இருந்தாங்களோ அவங்க மேல போட்டுட்டாங்க."

புராஜெக்ட் அவுட்புட் வரலைன்னா என்ன பண்ணுவோம்? காரணம் தெரியாத வரைக்கும் லேப் அசிஸ்டென்ட் தலையில் கட்டுவோம். அந்த ஜோக் என் வாய் வரைக்கும் வந்துச்சு. நல்லவேளை, முழுங்கிட்டேன்.

ஏன்னா... எங்க எட்டு பேரில் ஒருத்தி குறும்பர் பொண்ணு. பி.எஸ்சி. தாவரவியல். அதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசலை.

மூடின கதவு

"உங்க எல்லாருக்கும் பங்க்கை ரெண்டாவது தடவை படிச்சப்பதான் தெரிஞ்சுது. எனக்கு முதல் தடவையே தெரிஞ்சிடுச்சு" என்றாள். குரல் ரொம்ப சாதாரணமா இருந்துச்சு.

"எங்க பாட்டி தேன் எடுத்துட்டு ஊருக்குள்ள வந்தா, சில வீட்டுல குழந்தைகளை உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்குவாங்களாம். தேனை மட்டும் வாங்கிக்குவாங்க. அதையும் திண்ணையில வெச்சிட்டுப் போகணும். பாட்டி அதைக் கதையாத்தான் சொல்லும். சிரிச்சிட்டே சொல்லும். 'என்னைப் பார்த்து அவங்க பயந்தாங்க. அவங்க ஊரைப் பார்த்து நான் பயந்தேன்'னு சொல்லும். பங்க் ஏன் யார்கிட்டயும் சொல்லாம ஓடினார்னு கேட்டீங்களே... சொன்னா, அவர்தான் பேயைக் கூட்டிட்டு வந்தார்னு சொல்லியிருப்பாங்க!"

யாரும் பேசலை. கீழே டீக்கடை அண்ணன் பாத்திரம் கழுவுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

எனக்குக் காது சூடாயிடுச்சு. ஏன்னு உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அங்கேயும் அப்புறம் சொல்லிட்டேன்.

எங்க அம்மாயி சிலோன்லேர்ந்து வந்தவங்க. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, மலையகத் தமிழர்களை இங்கே அனுப்பினாங்களே, அந்தக் கணக்கில் வந்த குடும்பம். இந்த மலைக்கு நாங்க புதுசு. இங்கே எங்களையே 'சிலோன்காரங்க' என்று தள்ளி வெச்சுப் பார்த்தவங்க உண்டு. அப்படிப்பட்ட அம்மாயி, நான் சின்னப் பையனா இருந்தப்ப என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? காட்டுப் பக்கமிருந்து தேன் கொண்டு வர்ற ஒரு தாத்தா உண்டு. "அவர் கண்ணைப் பார்க்காதே, உள்ள வா" என்று இழுத்துட்டுப் போவாங்க. நானும் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிஞ்சிருக்கேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்தத் தாத்தா எனக்கு ஒரு தடவை தேனடையில ஒரு துண்டு நீட்டினார். நான் வாங்கலை.

மலைக்கு வந்து கொஞ்ச வருஷத்திலேயே, யாரைப் பார்த்துப் பயப்படணும்னு எங்க அம்மாயி கத்துக்கிட்டாங்க. வேற எந்தப் பாஷையையும் அவ்வளவு சீக்கிரம் கத்துக்கலை. அவங்களை நான் குறை சொல்லலை. என்னைச் சோறூட்டி வளர்த்தவங்க. ஆனா நான் இருபது வயசில், ஒரு கனடாக் கதையைப் படிச்சிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், கட்டிலுக்கு அடியில் நான் எந்தப் பேய்க்காக ஒளிஞ்சேன்னு யோசிக்கறேன்.

இதைச் சொல்லி முடிச்சதும் அவள் என்னைப் பார்த்து, "தேன் அருமையா இருந்திருக்கும். போச்சு!" என்றாள். எல்லாரும் சிரிச்சோம். அவள் பெரிய மனுஷி.

---

ஜெனிவா செட்!

பேய்க்கதை படிச்சு ரியாக்ட் பண்ண செட்டில் உலக ஃபேமஸ் எது தெரியுமா? 1816 ஜூன். ஸ்விட்சர்லாந்தில் ஜெனிவா ஏரிக்கரை பங்களா. கவிஞர் பைரன், கவிஞர் ஷெல்லி, 18 வயசு மேரி, அவங்க உறவுக்காரப் பெண் கிளேர், 20 வயசு டாக்டர் பாலிடோரி. 1815-ல் இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை வெடிச்ச வெடியில், அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரலை. விடாத மழை. வெளியே போக முடியாம ஜெர்மன் பேய்க்கதைகளை ஃபிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படிச்சாங்க. 'நாமளும் ஆளுக்கொரு கதை எழுதலாம்' என்றார் பைரன். மேரி எழுதினதுதான் 1818-ல் வெளியான 'ஃபிராங்கன்ஸ்டைன்'! பாலிடோரியின் 'தி வேம்பயர்' 1819-ல் வந்தது.

ஒரு விஷயம் கவனிங்க. மேரியின் கதையில் வர்ற அந்த உருவம் முதலில் யாரையும் கொல்லலை. ஒரு குடும்பத்துக்கு ஒளிஞ்சிருந்து விறகு வெட்டிப் போடுது. அவங்க முன்னாடி வந்து நின்னதும் அடிச்சு விரட்டறாங்க. அதுக்கு அப்புறம்தான் எல்லாம்!

---

பயம் இல்லாத ஒரு காடு

கிளம்பறதுக்கு முன்னாடி வரலாற்றுப் பையன் இன்னொரு விஷயம் சொன்னான். தோடர் மக்களுக்கு, செத்துப்போனவங்களோட உலகம் மேற்கே இருக்கு. 1906-ல் டபிள்யூ.எச்.ஆர்.ரிவர்ஸ் எழுதின 'தி தோடாஸ்' புத்தகத்தில் விவரமா இருக்கு. செத்தவங்களோட அவங்க எருமைகளும் அங்கே போகும். முக்கூர்த்திச் சிகரத்தைத் தாண்டித்தான் வழின்னு சொல்வாங்க. அந்தப் புல்வெளியையும் சோலைக்காட்டையும் பார்த்து, வெளியாள் 'ஐயோ, ஆள் அரவமே இல்லையே' என்று பயப்படுவான். அவங்களுக்கு அது தாத்தா பாட்டி நடந்து போன பாதை.

ஒரே காடுதான். ஒருத்தருக்குப் பேய் இருக்கிற இடம். இன்னொருத்தருக்குச் சொந்தக்காரங்க இருக்கிற இடம்.

நீங்களும் ஆரம்பிக்கலாமே!

நிறைய பேர் கேக்கறாங்க, "காலேஜ்ல படிக்கிற புக்கே முடியலை, இதுல ரீடிங் க்ரூப் வேறயா?" என்று. சிம்பிள் பாஸ். நாலு பேர் போதும். நாவல் வேண்டாம், ஒரே ஒரு சிறுகதை. தமிழில் பேய்க்கதைக்குப் பஞ்சமா? புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யிலிருந்து ஆரம்பிங்க. கதை எனக்குப் பிடிச்சுது, பிடிக்கலைன்னு முதல் ரவுண்டு. ரெண்டாவது ரவுண்டில் ஒரே ஒரு கேள்வி போதும். இந்தக் கதையில் யாரைப் பேசவே விடலை?

அந்த ரெண்டாவது கேள்விக்கு டீ ஆறிப் போயிடும். கியாரன்ட்டி!

காட்டுப் பேய்க்கதை படிக்கறதை நாங்க விடப் போறதில்லை. பயந்து பயந்து படிக்கறதில் ஒரு சுகம் இருக்கு. ஆனா அந்தப் பயத்தைப் புத்தகத்தோட மூடி வெச்சுடணும். அதைக் கையோட எடுத்துக்கிட்டு வந்து, எதிரில் வர்ற ஆள் மேல ஏத்தி விடக்கூடாது. நான் ஏத்தியிருக்கேன். அதனால சொல்றேன்.

மீட்டிங் முடிஞ்சு கீழே இறங்கினா ஒரே பனி. பக்கத்துல நிக்கிற ஆட்டோகூடத் தெரியலை. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சாச்சு. நான் மேட்டுப் பாதையில் ஏறிட்டு இருக்கேன். பின்னாடியிருந்து பனிக்குள்ள யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஆள் தெரியலை. குரல் மட்டும்.

ஒரு செகண்ட்... அம்மாயி ஞாபகம் வந்துச்சு. மூணு தடவை!

அப்புறம் அந்தக் குரல் யாரோடதுன்னு புரிஞ்சுது. "இதோ, இங்கதான் இருக்கேன்!" என்று முதல் தடவையே பதில் சொல்லிட்டேன்.

மேஜையில் மறந்து விட்டுட்டு வந்த என் குடையைக் கொண்டு வந்து கொடுத்துட்டு, "அடுத்த மாசம் தேன் கொண்டு வர்றேன்" என்று சொல்லிட்டு அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கிப் போனாள்.